வலப்பக்கத்து ஜன்னல்

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். போர்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அந்தப் பெண் அவரை வாயே திறக்க விடவில்லை.

"வெள்ளிக்கிழமை வரலை. திங்கக்கிழமையும் வரலை. இன்னிக்கும் வரலேன்னா அம்மாவுக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும் சார். அப்புறம் நீங்க தூக்கிட்டு ஓடி வந்தாலும் எங்க கையில ஒண்ணும் இல்ல. மூணு மணிக்கு மெஷின் ஒதுக்கி வச்சிருக்கேன். கூட்டிட்டு வாங்க."

கூட்டிட்டு வரணுமாம். சொல்கிறவளுக்கு என்ன, வாய்ச் சொல்தானே. கடைப் பலகையும் லாரி நம்பரும் எழுதியே தலை நரைத்த மனுஷருக்கு, வரமாட்டேன் என்று நிற்கிறவளை வரவைக்கிற வித்தை தெரியவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து அவர் மனைவிக்கு வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு வருஷம் முணுமுணுக்காமல் போய்வந்தவள்தான். போன வெள்ளிக்கிழமை வண்டியின் பின்கதவு வரை வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பி நடந்துவிட்டாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள என்னைப் போட்டு மூடாதீங்க. ஜன்னல் வையுங்க, வர்றேன்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. கல் குவாரிக்குச் சாமான் சுமந்த பழைய ஜீப் அது. கித்தானுக்குப் பதிலாக மேலே இரும்புக் கூடு போட்ட ஹார்ட்டாப். பின்பாகத்தில் இரண்டு பக்கமும் மொட்டைத் தகரம். ஆஸ்பத்திரிக்குப் போக ஆற்றில் இறங்கி ஏறி, குவாரிப் பாதையில் ஒரு மணி நேரம் குலுங்க வாடகைக் கார்க்காரன் எவனும் வரமாட்டான். உட்கார்ந்து வர அவளுக்குத் தெம்பு கிடையாது. பின்னால் மெத்தையில் படுத்துத்தான் போகவேண்டும், வரவேண்டும். படுத்தால் சுற்றிலும் இருட்டு.

ஜன்னல்தானே, வைத்துவிட்டால் போயிற்று என்று போர்டுக்காரர் கிளம்பிவிட்டார். மூழ்குகிறவனுக்கு ஒரு துரும்பு வேண்டும். சனிக்கிழமையிலிருந்து பழைய வண்டி உடைக்கிற இடங்களாக அலைந்து, செவ்வாய் சாயங்காலம் அதே மாதிரி ஜீப்பில் கழற்றிய ஒரு ஜோடிக் கண்ணாடியை அதைச் சுற்றி மாட்டுகிற ரப்பர் பீடிங்கோடு கொண்டுவந்து இறக்கினார். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அவளுக்கு அதற்குள் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

நர்ஸ் போனை வைத்த பத்தாவது நிமிஷம் அவர் வாசலில் ட்ரில் மெஷினோடு நின்றார். துணைக்கு மச்சினன், பஸ் கண்டக்டர், அன்றைக்கு லீவு போட்டிருந்தான்.

"மாமா, இது உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. மெக்கானிக்கைக் கூப்பிட்டா என்ன?"

"கூப்பிட்டேன் மாப்ள. அடுத்த வாரம் வர்றேங்கிறான். அடுத்த வாரம் எவனுக்கு வேணும்?"

கண்டக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

முதலில் இடப்பக்கம். கண்ணாடியைக் கீழே வைத்து அதன் வடிவத்துக்கு ஓர் அட்டை வெட்டினார். முன்விளிம்பு நேராக நிற்கும், பின்விளிம்பு சாய்ந்து இறங்கும். அட்டையில் 'வெளிப்பக்கம்' என்று எழுதிக்கொண்டார். அந்த அவசரத்திலும் நிழல் விழுகிற எழுத்து. கை சும்மா இருக்காதே. தகரத்தில் அட்டையை ஒட்டி, சுற்றிக் கோடிழுத்து, மூலைக்கு மூலை ட்ரில்லால் துளை போட்டு, ரம்ப மெஷினை உள்ளே விட்டார். தகரம் கத்திய கத்தலில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. வெட்டின துண்டு விழுந்ததும் விளிம்பை அரத்தால் ராவி, துருப்பிடிக்காமல் பெயின்ட் தடவினார். அந்த ஒரு வேலைதான் அவருக்குச் சொந்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்தார். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீரை ஊற்றினார்கள். கண்டக்டர் வெளியிலிருந்து கண்ணாடியை அமுக்க, இவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

வண்டிக்குள் வெளிச்சம் வந்தது. போர்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மெத்தையைக் கொண்டுவந்து உள்ளே விரித்தார், தலையணையைத் தட்டி வைத்தார், வீட்டுக்குள் ஓடினார்.

"ஒரு பக்கம் முடிஞ்சுதும்மா! வந்து பாரேன். இன்னும் ஒண்ணுதான்."

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அப்படியா" என்றாள். மூச்சு கொஞ்சம் இழுத்தது. அந்த 'அப்படியா'வில் சந்தோஷம் இல்லை என்பதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

வலப்பக்கம் பாதி நேரத்தில் முடிந்தது. கை பழகிவிட்டதல்லவா? அட்டை, கோடு, துளை, ரம்பம். துண்டு கீழே விழுந்தது. கண்டக்டர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டைக்கு நேரே பிடித்தான். பிடித்தபடியே நின்றான்.

"மாமா, சாய்வு முன்னாடி வந்துருச்சு."

"என்னடா உளர்ற?"

"நீங்களே பாருங்க."

பார்த்தார். இடப்பக்கத்து அட்டையை வலப்பக்கத்துக்கு எடுத்துப் போனால் திருப்பிப் போட்டுத்தான் ஒட்ட வேண்டும். குழந்தைக்கும் தெரியும். ஆனால் இது முப்பது வருஷம் ஸ்டென்சில் பிடித்த கை. எழுத்து வெட்டிய அட்டையைத் திருப்பி வைத்தால் எழுத்து இடவலம் மாறி, கடைக்காரன் பலகையைத் தூக்கி மூஞ்சியில் எறிவான். எழுத்துப் பக்கம் எப்போதும் வெளியே இருக்க வேண்டும் என்பது அந்தக் கைக்கு வேதம். 'வெளிப்பக்கம்' என்று எழுதியது வெளியே தெரிய அழகாக ஒட்டி, மயிரிழை பிசகாமல் தப்பாக வெட்டியிருந்தார்.

"கண்ணாடியைத் திருப்பிப் போட்டா?" என்றான் கண்டக்டர். "உள்பக்கம் வெளிய வந்தா சாய்வு சரியா வருமே."

"கண்ணாடி வெளிப்பக்கமா புடைச்சிருக்குடா. திருப்பினா மூலை நாலும் தூக்கிட்டு நிக்கும்."

சொன்ன வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை திருப்பிவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மணி ஒன்று நாற்பது. ரப்பரை மாட்டினார்கள், சோப்புத் தண்ணீரை ஊற்றினார்கள். மூன்று பக்கம் ஏறிவிட்டது. நாலாவது மூலை ஏறமாட்டேன் என்றது.

"அமுக்குடா!"

"இதுக்கு மேல அமுக்கினா..."

"அமுக்குன்னா அமுக்கேன்டா! உங்கக்கா வேணுமா வேண்டாமா உனக்கு?"

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் கல் உப்பாக நொறுங்கி அவர் மடியிலும் மெத்தையிலும் கொட்டியது. உதிராத ஒரு துணுக்கு உள்ளங்கையைக் கிழித்திருந்தது. கயிறு மட்டும் கையில் இருந்தது.

சத்தம் கேட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து வாசற்படியில் நின்றாள். ஓட்டையையும் உள்ளே ரத்தக் கையோடு உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று அவர் இறங்கி ஓடிவந்தார். "ஜன்னல் இருக்கு, கண்ணாடிதான் இல்ல. பாலிதீனை இழுத்துக் கட்டிடறேன். நல்லா வெளிச்சம் வரும். அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் குடு."

"விடுங்க" என்றாள் அவள்.

"எப்படி விடறது? மூணு மணிக்கு..."

"ஜன்னல் ஒரு சாக்குங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு பேச்சாக நிறுத்தி நிறுத்தி வந்தது. "எனக்குப் போதும். ஒரு வருஷமா ஊசி, மெஷின், வாந்தி. போதும். நேரா சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க. உங்களால முடியாத ஒண்ணைக் கேப்போம்னு கேட்டேன். அலைவீங்க, வெட்டுவீங்க, ஒரு வாரம் ஓடிடும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போர்டுக்காரர் அவளையே பார்த்தார். நாலு நாள் துரு மண்டிய வண்டிக் குவியல்களுக்குள் அவர் தேடிக்கொண்டிருந்தபோது, இவள் இங்கே படுத்து நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மேல் வராத கோபம்.

"நீ பாட்டுக்குப் போயிடுவ. நான்?" என்று கத்தினார். "நான் என்ன பண்றது? சொல்லு. அதையும் சொல்லிட்டுப் படு!"

தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல் படியிலேயே உட்கார்ந்து, முகத்தில் ரத்தக் கையை வைத்து அழுதார். "எனக்காகப் போம்மா. உனக்காக வேணாம். எனக்காக."

அவள் சுவரைப் பிடித்தபடியே வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மெத்தை பூரா கண்ணாடி கெடக்கு" என்றாள். "தட்டிப் போடச் சொல்லுங்க அவனை. இப்படியேவா படுக்கறது?"

கண்டக்டர் பாய்ந்து போய் மெத்தையை உருவினான்.

"பாலிதீன்?" என்றார் போர்டுக்காரர், முகத்தைத் துடைக்காமல்.

"வேணாம். இன்னிக்கு மட்டும் வர்றேன். வெள்ளிக்கிழமையைப் பத்தி என்னைக் கேக்கக் கூடாது."

"கேக்கலை."

"சத்தியமா?"

அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டான். கிளம்பும்போது மணி இரண்டு பத்து. ஆறு தாண்டி குவாரிப் பாதையில் ஏறியதும் ஓட்டை வழியாகப் புழுதியும் வெயிலும் உள்ளே அடித்தன. பின்னாலிருந்து அவள் இருமுவது கேட்டது.

"மெதுவாப் போங்களேன்" என்றாள். "என்ன அவசரம்?"

போர்டுக்காரர் கிழிந்த கையால் கியரை மாற்றி, இன்னும் வேகமாக மிதித்தார்.