யாரும் வராத வீட்டின் காற்று

என் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. கொசுவத்தி கிடையாது, சிகரெட் பிடிக்க ஆள் கிடையாது. அம்மா போன பிறகு காலையில் கெட்டிலில் ஒரு காபி, மற்ற இரண்டு வேளையும் ஆபீஸ் கேன்டீன். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மேடம் இதைக் கேட்டதும் புதையல் கிடைத்தவர் மாதிரி எழுந்து நின்றார்.

நான் வேலை பார்ப்பது காற்றை ஆராயும் ஒரு நிலையத்தில். வீடுவீடாகக் கொண்டுபோய் வைக்கும் கருவிக்குள் வெள்ளையாக ஒரு சின்ன வட்டத் தாள் இருக்கும். கருவி காற்றை இழுக்க இழுக்க அதில் தூசி படியும். போகும்போது ஒரு எடை, திரும்பும்போது ஒரு எடை. அந்த எடை போடுகிறவள் நான். லாரிகள் ஓடும் எங்கள் சாலையில் வைத்த தாள்களெல்லாம் கரியாகத்தான் திரும்பின. அங்கே பகலில் லாரி விடக்கூடாது என்று மேடம் நகராட்சிக் குழுவிடம் கேட்டிருந்தார். லாரி முதலாளிகள் சும்மா இருப்பார்களா? ஒரு நிபுணரைக் கூட்டிவந்தார்கள். எதற்கும் "ஆனாலும்" என்றுதான் வாயைத் திறப்பார். அதனால் எங்களுக்குள் அவர் பெயர் திருவாளர் ஆனாலும்.

"ஆனாலும், இது லாரிப் புகைன்னு எப்படிச் சொல்றீங்க? அந்த வீடுகள்ல சமைக்கிறாங்க, சிகரெட் பிடிக்கிறாங்க, நாலு பேர் வந்து போறாங்க. அது அவங்கவங்க வீட்டுப் புகை" என்று முதல் கூட்டத்தில் ஒரே போடாகப் போட்டார்.

அதற்குத்தான் மேடத்துக்கு என் வீடு வேண்டியிருந்தது. அதே சாலை, முதல் மாடி, அடுப்பும் எரியாது, ஈ காக்காயும் எட்டிப் பார்க்காது. அங்கேயும் தாள் கறுத்தால் அந்த மனிதருக்குப் பேச எதுவும் இருக்காது.

"பத்து நாள் மட்டும். எப்பவும் இருக்கற மாதிரியே இருங்க, அது போதும்" என்றார் மேடம்.

எப்போதும் இருக்கிற மாதிரி இருப்பதில் எனக்கென்ன கஷ்டம்? அதில் நான் கைதேர்ந்தவள்.

கருவியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. முதல் நாள் எரிச்சலாக இருந்தது. இரண்டொரு நாள் கழித்து, வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் அந்தச் சத்தத்தைப் பார்த்து "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகப் போயிற்று.

எனக்கு ஒரே தங்கை. அவள் மகளுக்கு இளைப்பு உண்டு. கடைசியாக இங்கே வந்திருந்தபோது, ஜன்னலோரம் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதோடு வருவதை நிறுத்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நான் அங்கே போகலாம்தான், ஆனால் அவள் மாமியாரின் முகம் என்னைப் பார்த்ததும் ஒரு முழம் நீளும். இரண்டு வருடமாக நான் அவளை "வா, வா" என்று போனில் நச்சரிப்பதோடு சரி.

கருவி இருக்கும்போதுதானா அவள் போனில் கூப்பிட வேண்டும்!

"அக்கா, பாப்பாவுக்கு இப்ப பரவாயில்ல. டாக்டர் புது மருந்து கொடுத்திருக்கார். நாளைக்குக் கிளம்பி வர்றோம், ரெண்டு நாள் இருப்போம். பெரியம்மாகூடத்தான் படுப்பேன்னு அது ஒரே அடம். ஏதாவது சமைச்சு வை."

சந்தோஷத்தில் எனக்கு வாயெல்லாம் பல். அப்புறம் கருவி கண்ணில் பட்டது. சமைத்தால், குழந்தை கட்டிலில் குதித்தால், அத்தனை நாள் வேலையும் வீண். குழுக் கூட்டம் அடுத்த வாரம்.

"அடுத்த வாரம் வர்றியா? வீட்டுல மெஷின் வச்சிருக்காங்க. ஆளுங்க வந்தா எல்லாம் கெட்டுடும்."



"அடுத்த வாரம் ஸ்கூல் திறந்துடும்க்கா. இத்தனை நாள் வா வான்னே. வர்றேன்னா மெஷின் இருக்குங்கற."

"பாப்பா மாதிரிப் பிள்ளைங்களுக்காகத்தான்டி..."

"சரிக்கா. உன் மெஷினை நல்லாப் பாத்துக்கோ."

வைத்துவிட்டாள். உட்கார்ந்து அழுதேன். மூக்கைச் சிந்துவதற்குக்கூடக் கருவியை விட்டுத் தள்ளிப் போய்த்தான் சிந்தினேன். வேலைப் புத்தி எங்கே போகும்?

என் வீட்டுத் தாளை நானே எடை போடக்கூடாது என்று வேறொருவர் போட்டார். எடையே வேண்டாம், பார்த்தாலே போதும். கரி. அதைத்தான் நானும் அம்மாவும் வருடக்கணக்காக உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

தாளில் தூசி பிடிப்பதோடு, எந்த நேரத்தில் எவ்வளவு தூசி என்று கருவி கோடாகவும் வரையும்; குழுக் கூட்டத்தில் அந்தக் கோடுகளைத் திரையில் காட்டினார்கள். மற்ற வீடுகளின் கோட்டில் சமையலுக்கு ஒரு குத்து, விருந்தாளிக்கு ஒரு குத்து, பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஒரு குத்து. என் கோடு லாரி ஓடும்போது ஏறியது, ஓய்ந்ததும் இறங்கியது. அங்கே ஒருத்தி வாழ்ந்தாள் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. அத்தனை பேர் முன்னால் அதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது.

"ஆனாலும், இது பூட்டிக் கிடந்த வீடு" என்றார் திருவாளர் ஆனாலும். "பத்து நாள்ல ஒரு வேளை சமையல் இல்ல, ஒருத்தர் வந்து போகல. மனுஷங்க இருக்கற வீடு இப்படியா இருக்கும்? காலி வீட்டுக் காத்தை வச்சு ஊருக்குச் சட்டம் போட முடியாது."

மேடம் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"அது என் வீடு சார். நான் அங்கதான் இருந்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"ஆனாலும், ஆய்வுக்காக யாரையும் வரவிடாமப் பண்ணினீங்களா, இல்ல எப்பவுமே இப்படித்தானா?"

எப்பவுமே இப்படித்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பொய் வாயில் வரவில்லை.

"என் தங்கச்சி வர்றேன்னா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா யாரும் வரல சார். அவ பொண்ணுக்கு இந்த ரோட்டுல மூச்சு இளைக்குது, அதான் வர்றதில்ல. அந்தக் கோட்டுல ஆள் நடமாட்டமே இல்லாததுக்கும் உங்க லாரிதான் காரணம்."

குழுத் தலைவி ஒரு வயதான டாக்டர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நீங்க உட்காருங்கம்மா" என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து பகலில் லாரி கிடையாது என்று அன்று மாலையே முடிவு சொன்னார்கள். மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சட்டத்தால காத்து மாறுச்சான்னு காட்டணும்ல? அடுத்த வருஷம் திரும்ப உங்க வீட்டுல வைக்கணும். ஒண்ணும் மாறியிருக்கக் கூடாது. இதே மாதிரி நீங்க மட்டும்."

"வேற வீடு பாருங்க மேடம்."

"வேற வீடு ஏது? அந்த ரோட்டுல இப்படி ஒண்டியா இருக்கறது நீங்க ஒருத்தர்தானே."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"அடுத்த வருஷம் நான் ஒண்டியா இருக்க மாட்டேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. தங்கைக்குப் போன் போட்டேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன்.