மடங்கிய சுண்டுவிரல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலகப் படிப்புக்கான மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கார்குழலி, தேநீர் இடைவேளையில் பாதி சொல்லி நிறுத்திய கதை. மீதியைக் கேட்க எனக்குத் துணிவில்லை; எழுத மட்டும் துணிந்துவிட்டேன்.

தொடக்கம், முதல் முயற்சி: திருவொற்றியூர்க் கடலில் கப்பல்கள் வரிசையாக நின்றிருந்த ஒரு மாலையில்—

(வேண்டாம். கப்பல்கள் தினமும்தான் நிற்கின்றன. அழகாகத் தொடங்கித் தப்பிக்கப் பார்க்கிறேன்.)

இரண்டாம் முயற்சி: கார்குழலி புத்தகம் வாங்கித் தரப் போய், அக்கா மகனைத் தலைகுனிய வைத்தாள்.

இது போதும்.

2

பையன் பெயர் பாரி. வயது பதின்மூன்று. மேலுதட்டில் தெரிவது மீசையா அழுக்கா என்று அவனே கண்ணாடியில் ஆராயும் பருவம்.

"எந்நேரமும் போன நோண்டிக்கினு கீறான்டி," என்றாள் அக்கா வரலட்சுமி. "நீதான் பொஸ்தகத்துக்கே படிப்பு படிக்கிறியே, அவனுக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணு வாங்கிக் குடேன்."

அந்த வாரம்தான் வகுப்பில் ஒரு முறை கற்றுத்தந்திருந்தார்கள். பிள்ளையை ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். தடுமாறும் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் அவனுக்குக் கடினம். எளிதான வேறொன்றைத் தேட வேண்டும்.*

* இதை நானும் எழுதிக்கொண்டு ஓரத்தில் நட்சத்திரம் போட்டேன். நல்ல முறைதான். (இப்படிச் சொல்வது முறையைக் காப்பாற்றவா, கார்குழலியையா, என்னையா?)

3

கல்யாண மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி. பாரி தன் தோஸ்துகள் உசேனையும் ரெஜியையும் கூட்டிக்கொண்டு வந்தான். நேராகப் போய், மூழ்கிய கப்பல்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தான்.

"சித்தி, இது. கப்பலு ரெண்டா ஒடஞ்சி கீது பாரேன்."

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். அவள் அதை வாங்கிக் கொடுத்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் கார்குழலி எதையும் சரிபார்க்காமல் செய்யாதவள். பகலில் சரக்குப் பெட்டக அலுவலகத்தில் அவள் வேலையே அதுதான்.

"ஒரு பக்கம் படிச்சிக் காட்டு."

"இங்கயா?"

"படி நைனா."

படித்தான். அவள் வலது கையை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்திருந்தாள். கட்டைவிரல் மடங்கியது. பிறகு ஆட்காட்டி விரல். உசேன் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு... நாலு... மாமு, அவுட்டாவப் போற!"

"நங்... நங்கு..." என்று திக்கினான் பாரி. சுண்டுவிரல் மடங்கியது.

"நங்கூரம்!" என்றான் அடுத்த நொடியே, சரியாக. நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தான்.

அவள் விரலைத் திறக்கவில்லை.

தடித்த புத்தகம் அடுக்குக்குத் திரும்பியது. பெரிய எழுத்தில் அச்சிட்ட யானைக்குட்டிக் கதை ஒன்றை வாங்கி அவன் கையில் கொடுத்தாள்.

"சூப்பரு மாமு," என்றான் ரெஜி. "எங்களுக்கும் படிச்சிக் காட்டு. கேட்டுக்கினே தூங்கிடுவோம்."

பாரியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை எழுதப் பார்த்தேன். அவன் சிரிப்பு ஒரு— சிரித்தபடியே அவன் கண்கள்— முடியவில்லை. நீங்களும் அந்த வயதைத் தாண்டி வந்தவர்கள்தானே.

4

அவள் ஏன் விரலைத் திறக்கவில்லை? 'கவனிக்கவில்லை' என்றுதான் முதலில் எழுதினேன். அப்படி எழுதியபோது அவள்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. ஆனால் அவள் என்னிடம் சொன்னது வேறு.

"பாத்துட்டேன்டி. தொறந்தா, அத்தினி பேர் முன்னாடி நான் தப்புன்னு ஆயிடும்ல?"

இதைச் சொல்லிவிட்டுத்தான் தேநீர்க் குவளையைக் கழுவ எழுந்து போனாள். திரும்பி வந்து வேறு பேச்சு பேசினாள்.

5

முடிவுகள்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு பாரி யானைக் கதையைப் படித்துக் காட்டுகிறான். படிக்க அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். அது அவள் தேர்வைச் சரியாக்கிவிடும்.

புத்தகத்தைக் கிழித்தெறிகிறான். இதுவும் பொய். கிழித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாவது கிடைத்திருக்கும். அக்கா வீட்டுக்குள் அவள் நுழைந்தால் அவன் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறான், அவ்வளவுதான்.

ஆகவே மூன்றாவது. ஒரு நாள் அவள் கப்பல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அதே மாடிப்படியில் அவன் பக்கத்தில் போய் உட்காருகிறாள்.

"படின்னு சொல்ல மாட்டேன்டா."

அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்படியே கேட்கிறான்:

"அன்னிக்கி நான் கரெக்டாத்தான சொன்னேன்?"

"கரெக்டாத்தான் சொன்ன."

"அப்ப படிக்கிறேன். நீ கைய ரெண்டும் பின்னால கட்டிக்கோ."

கட்டிக்கொள்கிறாள். அவன் அதே பக்கத்தைத் தேடிப் பிரிக்கிறான். இரண்டு வரி ஓடுகிறது. மூன்றாவது வரியில் ஒரு சொல்லில் திக்குகிறான்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அவள் விரல்கள் அசைகின்றனவா என்று எனக்குத் தெரியாது. கண் புத்தகத்தில் இருப்பதால் பாரிக்கும் தெரியாது. நீங்கள்தான் மேல்படியில், அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறீர்கள்.

பார்த்துச் சொல்லுங்கள்.