நாலாவது கோரிக்கை

சந்தனச்செல்வி துண்டறிக்கையை மூன்று தடவை படித்துப் பார்த்தாள். மூன்றுக்கு அடுத்து நாலு இருந்தது. ஆனால் அது அவளுடைய நாலு இல்லை. 'கண் பரிசோதனை முகாம்' என்று அச்சாகியிருந்தது. அவள் கேட்டது எல்லோருக்கும் பொதுவாக ஒரே குடிதண்ணீர் டிரம்.

முத்தையாபுரம் பக்கத்து உப்பளம் அது. அங்கே இரண்டு டிரம்கள் உண்டு. வெள்ளை டிரம் ஊர்ப் பெண்களுக்கு, நீல டிரம் செல்வியின் தெருப் பெண்களுக்கு. காலையில் வருகிற ஒரே வண்டி ஒரே குழாயால் இரண்டையும் நிரப்பிவிட்டுப் போகும். அதற்குப் பிறகு மறுநாள்தான் தண்ணீர். பெண்கள் எல்லோரும் ஒரே பாத்தியில் உப்பு வாருவார்கள், ஒரே குவியலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். தாகம் எடுத்தால் மட்டும் ஆளுக்கொரு பக்கமாக நடப்பார்கள்.

மாநகராட்சித் தேர்தலுக்காக அவளுடைய சின்னக் கட்சியும் தொழிற்சங்கத்தின் பெரிய கட்சியும் கூட்டணி சேர்ந்தன. பத்து கோரிக்கைகள் எழுதினார்கள். கூலி உயர்வும் மழைக்கால உதவியும் சங்கம் கொண்டுவந்தவை. டிரம் அவள் கொண்டுவந்தது. "போடு, அதுதான் நியாயம்" என்று முதலில் சொன்னவரே சங்கச் செயலாளர் தங்கப்பாண்டிதான். போன வருஷம் கூலிக்காக மறியல் செய்து மண்டை உடைந்தவர். அந்த மண்டையை நம்பித்தான் அவள் அச்சகத்துக்குப் போய்ப் பார்க்காமல் இருந்தாள்.

இப்போது வேட்பாளர் நயினார் உப்பளத்துக்கு வரப்போகிறார். கூட்டணிக்காரர்கள் ஆளுக்குச் சில கோரிக்கைகளாக மைக்கில் வாசிக்க வேண்டும். நாலு முதல் ஆறு வரை அவள் பங்கு.

"அண்ணாச்சி, என் நாலு எங்க?" என்று தங்கப்பாண்டியிடம் கேட்டாள்.

"ஏளா, சத்தம் போடாத. மொதல்ல கூலிய வாங்குவோம். அதப் போட்டா ஊர்க்காரிய ஓட்டு பூராம் ஒடஞ்சிரும். ஜெயிச்ச பொறவு பேசிக்கிடலாம்."

"அதுவரைக்கும் எங்களுக்குத் தாகம் எடுக்காதோ?"

"நீல டிரம்முல தண்ணி இல்லாமயா கெடக்கு?"

செல்விக்குக் காது மடல் வரை சூடேறியது. பக்கத்தில் நின்ற அவள் தெரு ஆறுமுகத்தாய் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுளா. முப்பது வருசமா அதுலதான் குடிக்கேன், செத்தா போயிட்டேன்? கூலி கூடட்டும், காலுக்கு மருந்தாவது வாங்குவேன்."

அந்தக் கூலி செல்விக்கும் வேண்டும். வேண்டாமென்று அவள் எப்போது சொன்னாள்? ஒன்றைத் தருகிறேன், இன்னொன்றைக் கேட்காதே என்று கூட்டணிக்குள்ளேயே பேரம் பேசுகிறார்களே, அதுதான் நெஞ்சை எரித்தது.

நயினார் வந்தார், மாலை விழுந்தது. முதல் மூன்றைத் தங்கப்பாண்டி வாசித்துவிட்டு மைக்கை அவளிடம் நீட்டினார். செல்வி தாளை மடித்து இடுப்பில் செருகினாள்.

"நாலாவது கோரிக்கை. இந்த அளத்துல ஒரே டிரம்முதான் இருக்கணும். கூலி வாங்குத கையும் தண்ணி மோக்குத கையும் எங்களுக்கு ஒண்ணுதான்…"

மைக் செத்தது. தங்கப்பாண்டியின் கை ஒயரில் இருந்தது. நயினார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கும்பிட்டார், காரில் ஏறினார். கதவு சாத்துகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

செல்வி நேராக வெள்ளை டிரம்மிடம் போனாள். செம்பை முக்கி எடுத்து, எல்லோரும் பார்க்கக் குடித்தாள்.

"ஏ பாவி!" என்று ஓடிவந்தாள் பகவதி. பத்து வருஷமாகச் செல்வியோடு ஒரே பாத்தியில் நிற்கிறவள். வந்த வேகத்தில் டிரம்மை எட்டி உதைத்துக் கவிழ்த்தாள். அவ்வளவு தண்ணீரும் வரப்பில் ஓடி உப்புப் பாத்தியில் இறங்கியது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. வேலை முடிய மத்தியானம் ஒரு மணி ஆகிவிடும்.

பத்தரைக்கு முதல் ஆளாகப் பகவதியே நீல டிரம் பக்கம் வந்தாள். உதடு வெடித்திருந்தது. செல்வியின் முகத்தைப் பார்க்காமல் செம்பை நீட்டினாள். செம்பைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது செல்விக்கு. எறியவில்லை, மோந்து கொடுத்தாள். பகவதி கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள். பிறகு மற்ற ஊர்ப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

சமாதானம் பேசவென்று அங்கேயே உட்கார்ந்திருந்த தங்கப்பாண்டியிடம் செல்வி போய் நின்றாள்.

"எந்த ஓட்டு ஒடஞ்சிச்சு அண்ணாச்சி?"

"இது வெயிலுக்குக் குடிக்கிறது. நாளைக்கு வெள்ளை டிரம்மக் கழுவி நிமித்தி வச்சிருவாளுவ. நீ என்ன செய்வ?"

அவர் சொன்னது உண்மை. உண்மை என்பதாலேயே அவளுக்கு வெறி வந்தது. வரப்பு வெட்ட வைத்திருந்த கடப்பாரையை எடுத்தாள். கவிழ்ந்து கிடந்த வெள்ளை டிரம்மின் அடியில் ஓங்கி இறக்கினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது அடியில் அடிப்பக்கம் பிளந்தது.

"ஏளா, பைத்தியமா ஒனக்கு? கூலிப் பேச்சே கெட்டுப்போவும்!"

"நாளைக்கும் வெயில் அடிக்கும்லா அண்ணாச்சி," என்றாள் மூச்சு வாங்க. இடுப்பிலிருந்த துண்டறிக்கையை எடுத்து அவர் மடியில் போட்டாள். "நாலாவத ஒங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடும். இல்லேன்னா எங்க தெருக்காரி ஒருத்திகூட உம்ம கொடிக்குப் பின்னால வரமாட்டா."

"அவ ஒருத்தி பேச்சு," என்று தங்கப்பாண்டி ஆறுமுகத்தாயைப் பார்த்தார். ஆறுமுகத்தாய் வலிக்கிற காலை நீட்டியபடியே அவரைத் திருப்பிப் பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை. அவர் ஊர்ப் பெண்கள் பக்கம் திரும்பினார். பகவதி செம்பை டிரம் மூடிமேல் டங்கென்று வைத்தாள்.

"எழுதித் தொலையும் அண்ணாச்சி. வெயில் ஏறுது, பாத்தி அப்படியே கெடக்கு."

தங்கப்பாண்டி சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். செல்வி கடப்பாரையைக் கீழே போடவில்லை.