ஊசி கூடக் கூட அடி கூடும்

மனிதனை மிருகமாக்குவது மயக்க ஊசிதான் என்று உலகத்தில் முதன்முதலாக நிரூபித்தவர், மருத்துவமனையின் புள்ளிவிவரம் பார்க்கும் கணக்கு டாக்டர். அதற்காக அவர் ஒரு மிருகத்தையும் பார்க்கவில்லை, ஊசியையும் தொடவில்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து பழைய நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டினார், அவ்வளவுதான். வெறி பிடித்து வருகிறவர்களை அடக்கும் வார்டில், ஒரு குப்பி மருந்தை ஊசியில் வாங்கியவன் ஊழியரைக் கீறியிருந்தான். இரண்டு வாங்கியவன் பல்லை உடைத்திருந்தான். மூன்று வாங்கியவன் எலும்பையே.

"படிக்கட்டு மாதிரி ஏறுது மச்சான். மருந்து கூடக் கூட அடி கூடுது. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

மச்சான் என்பது அவர் மனைவியின் அண்ணன். அந்த வார்டின் டாக்டர். மூக்கு ஏற்கெனவே ஒருமுறை உடைந்து, கோணலாக ஒட்டியவர்.

"அதிகமா அடிக்கிறவனுக்குத்தான் மாப்ளே அதிகமா போடுறோம். பெரிய பூட்டு போட்ட வீட்ல பெரிய திருட்டு நடந்தா, பூட்டா திருடுச்சு?"

பயந்தாங்கொள்ளி கையில் ஊசியைக் கொடுத்தால் அளவு ஏறத்தான் செய்யும் என்று கணக்கு டாக்டர் சிரித்தார். அவருடைய வரைபடத்தில் சொக்கிப்போன மருத்துவமனைத் தலைவர், இனி ஆளுக்கு ஒரு குப்பிதான் என்று உத்தரவே போட்டுவிட்டார். முதல் நாள் மேற்பார்வைக்குக் கணக்கு டாக்டரே வந்தார், இஸ்திரி குலையாத கோட்டோடு.

மத்தியானம் ஒரு வெல்டரை அவன் உறவுக்காரர்கள் தூக்கிவந்தார்கள். தன் தோலுக்கடியில் யாரோ பற்றவைக்கிறார்கள் என்று அலறினான். கட்டிலோடு கட்டி ஒரு குப்பி போட்டார்கள். அடங்கவில்லை. மச்சான் இரண்டாவதை ஊசியில் ஏற்றினார். கணக்கு டாக்டர் அவர் கையைப் பிடித்து, இது ஏற ஏறத்தான் அவன் ஏறுவான், பொறுங்கள் என்றார்.

பொறுத்தார்கள். வார் அறுந்தது. வெல்டர் டிரிப் ஸ்டாண்டைப் பிடுங்கிக் காவலாளியின் தாடையில் இறக்கினான். தாடை காதுப்பக்கம் திரும்பிக்கொண்டது. நர்ஸின் முன்கையைக் கடித்துச் சதையோடு துப்பினான். பிறகு மச்சானின் கழுத்தைப் பிடித்து, மண்டையைச் சுவரில் மோதினான். ஒவ்வொரு மோதலுக்கும் வெள்ளை டைல்ஸில் சிவப்பு இன்னும் கொஞ்சம் அகலமானது. மச்சானின் கால்கள் தரையைத் தேடின.

கணக்கு டாக்டர் வெல்டரின் முதுகில் தொற்றினார். முழங்கை வந்து வாயில் விழுந்தது. முன்பல் நாக்கில் உருண்டது. மச்சான் கையிலிருந்து தரையில் விழுந்துகிடந்த இரண்டாவது ஊசியை எடுத்துத் துணிக்கு மேலேயே தொடையில் குத்தினார். உறவுக்காரர்கள் எல்லோருமாக இழுத்ததில் கழுத்திலிருந்து ஒரு கை பிரிந்தது. மற்றது இன்னும் இறுகியது. மச்சானின் தொண்டைச் சத்தம் மெலிந்துகொண்டே போனது.

கணக்கு டாக்டர் பல்லைத் துப்பிவிட்டு, மூன்றாவது குப்பியின் கழுத்தை உடைத்தார்.