பூங்கோதை டாக்டரின் இரவல் கேன்

பூங்கோதை டாக்டருக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. விந்தணுவையும் கருமுட்டையையும் உறைய வைத்துப் பாதுகாப்பதைப் பற்றிச் சென்னையில் பன்னிரண்டு வருடம் ஆராய்ச்சி செய்தவர். "விருத்தாசலத்துல போய் என்னம்மா பண்ணுவே?" என்று பேராசிரியர் ஒருவர் கேட்டுவைக்க, அந்தக் கேள்விக்காகவே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பீங்கான் சூளையின் அனல் அங்கே வேலை செய்யும் ஆண்களின் விந்தணுவை என்ன செய்கிறது என்று ஆராயப் போகிறாராம். சூளைக்காரர்கள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கூச்சப்பட்டுக்கொண்டே ஒவ்வொருவராகப் பரிசோதனைக்கு வந்தார்கள்.

அப்படி வந்தவன்தான் பிரபாகரன். அவன் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் தொட்டுப் பார்த்தது பூங்கோதைதான். நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். ஆறு மாதம் மருந்து ஏற்றினால் குணமாகும் என்று புதுச்சேரி டாக்டர்கள் நம்பிக்கையாகச் சொன்னார்கள். ஆனால் அந்த மருந்து விந்தணுவை அடியோடு வற்றவைத்து விடலாம். இருபத்தாறு வயது, நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு மாதம். திங்கட்கிழமை அவன் புதுச்சேரியில் இருக்க வேண்டும், அதற்குள் அவன் விந்தை எடுத்து உறைய வைத்தாக வேண்டும்.

உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அதை ஊற்றி வைக்கப் பூங்கோதை வாங்கிய கேனோ சென்னை லாரி ஷெட்டில் ஹாயாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஊரில் திரவ நைட்ரஜன் இருந்த ஒரே இடம் கால்நடை ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்த்த கோவிந்தராசுவிடம் கேட்டார். அவர் காலியாக இருந்த ஒரு கேனைக் கழுவி, நைட்ரஜன் நிரப்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.எஸ். ஐம்பதில் வைத்துக் கடைத்தெரு வழியாகவே கொண்டுவந்து இறக்கினார். அது பசுக்களுக்குப் போடும் சினை ஊசிக்காகக் காளை விந்தை உறைய வைக்கிற கேன் என்பது கடைத்தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும்.

பத்து மணிக்கு அன்பரசி பிரபாகரனை இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். அவள்தான் நிச்சயிக்கப்பட்ட பெண். பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவள். உள்ளே நுழைந்ததும் அவன் கண்ணில் பட்டது அந்தக் கேன்.

"மாட்டு ஊசி கேனா? என்னா டாக்டரம்மா, வெளையாடுறீங்களா? எனக்கு ஒண்ணும் வேணாம். அன்பு, நீயும் வேற மாப்ள பாத்துக்க. உங்க வூட்ல நானே சொல்லிடுறேன்."

பூங்கோதைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி என்றும், உயிரணுவின் சவ்வு என்றும் படபடவென்று பாடம் எடுத்தார். பாடம் முடிவதற்குள் அவன் வாசலுக்குப் போய்விட்டான். வாழ்நாள் படிப்பும் இந்த ஒருவனை நிறுத்தி வைக்க உதவவில்லையே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் பிரபாகரனால் வெளியே போக முடியவில்லை. கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு பசு நின்றது. குட்டியானை வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்திருந்தார் விவசாயி சக்கரபாணி.

"கோவிந்தராசு ஐயா கேனோட இங்க வந்தாராமே? விடியக்காலத்துலேருந்து சினைக்குக் கத்துதுங்க. இன்னைக்கு வுட்டா இன்னும் மூணு வாரம் காத்துக் கெடக்கணும்."

"இது மனுசங்க ஆஸ்பத்திரி, பெரியவரே!" என்று பூங்கோதை உள்ளிருந்து கத்தினார். கோவிந்தராசு தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தார். பசு அசைவதாக இல்லை.

தப்ப வழியில்லாத பிரபாகரன், பசுவைப் பார்த்தபடியே சக்கரபாணியிடம் மெல்லக் கேட்டான். "அந்தக் கேன்ல போட்டு வெச்சா, நெசமாவே உசுரோட இருக்குமா?"

"என்னா தம்பி இப்படிக் கேக்குற? இது போன வருசம் போட்ட கன்னுக்குட்டி வூட்டுல நிக்குது. அதோட அப்பன் காளை செத்து நாலு வருசம் ஆச்சுன்னு ஐயாதான் சொன்னாரு. கன்னு என்னடான்னா ஓரிடத்துல நிக்காம என் வேட்டியக் கடிச்சிக்கிட்டுத் திரியுது."

பிரபாகரன் சிரித்துவிட்டான். நோய் தெரிந்த நாளிலிருந்து அவன் சிரித்ததே இல்லை. கோவிந்தராசு பசுவைத் தள்ளிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிப் பக்கம் போனார். கேட் திறந்தே கிடந்தது. அவனோ திரும்பி உள்ளே வந்து, "எந்த ரூமு டாக்டரம்மா?" என்று கேட்டான்.

பத்துக் குழல்களில் நிரப்பி உறைய வைத்தார் பூங்கோதை. மதியம் சோதனைக்காக ஒன்றை மட்டும் எடுத்து உருக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். எதுவும் அசையவில்லை. குமிழைத் திருகி இன்னும் கொஞ்சம் தெளிவாக்கினார். ஒரு வால் துடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாத அளவுக்கு ஓட்டம்.

"அன்பரசி, இங்க வாம்மா!"

அன்பரசி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "எல்லாம் இவர மாதிரியே தெச தெரியாம ஓடுது, டாக்டர்" என்றாள். பிரபாகரன் வெட்கத்தில் சுவரைப் பார்த்தான்.

கடைசியாகப் படிவம். பூங்கோதை கேட்கக் கேட்க அவன் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். 'மனைவியின் பெயர்' என்ற இடம் வந்ததும் அன்பரசியைத் திரும்பிப் பார்த்தான். இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று பூங்கோதை பேனாவால் அந்த வரியை அடிக்கப் போனார்.

அன்பரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதீங்க டாக்டர். என் பேர எழுதுங்க. இவரு குணமாயி வரட்டும், அது சரியாயிடும்."

பூங்கோதை எழுதினார்.