முதலில் ஏறிய சூசையப்பர்

லாரி டிரைவர் சகாய ஆண்டனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. திருச்சியிலிருந்து வந்த லாரி, காரைக்குடிக்கு வெளியே ஆக்சில் முறிந்து படுத்துவிட்டது. முதலாளி அனுப்பிய வேறு லாரி பக்கத்தில் வந்து நின்றது. சரக்கை இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். லாரி நிறைய சிவகங்கைக்குப் போகும் பருப்பு மூட்டைகள். பின்கதவை ஒட்டி, வைக்கோல் சுற்றிய பெட்டிக்குள், கல்லல் கிறிஸ்தவக் கோயிலுக்கான புது சூசையப்பர் சுரூபம், புனிதரின் சிலை. வழியில் கல்லல்தான் முதலில் வரும் என்று ஆண்டனியே நின்று அதைக் கடைசியாக ஏற்றியிருந்தான்.

சாயங்காலம் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம். அதற்குள் சுரூபம் போய்ச் சேர வேண்டும். ஊருக்காக மட்டுமா? அவன் மனைவி லூசியா கோபித்துக்கொண்டு கல்லலில் தாய் வீட்டில் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றவன் பொங்கலுக்கு வந்து நின்றால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்? "இந்தத் தடவையாச்சும் சூசையப்பரோட சொன்ன நேரத்துக்கு வந்தீகன்னா, ஒங்களோட வாரேன். இல்லைன்னா இங்குட்டு எட்டியே பாக்க வேணாம்" என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

சுமை தூக்கும் ஆட்களுக்குத் தலைவர் இருளாண்டி. தங்கமான மனுஷன். "நீங்க போயி டீயக் குடிங்கண்ணே. நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

டீ யாருக்கு இறங்கும்? ஆண்டனி எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். லைன் கிடைப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடி, உயிர் போய் உயிர் வந்தது. "கொடி ஏறுறதுக்குள்ள வந்துருவேன் சாமி! லூசியாகிட்ட சொல்லிருங்க!" என்று கல்லல் கோயில் பங்குச் சாமியாரிடம் கத்திவிட்டுத் திரும்பினால், வேலை முடிந்து கயிறும் கட்டியாகிவிட்டது.

"சூசையப்பர் எங்கண்ணே?"

"அவருதாண்ணே மொத ஏத்தம்" என்றார் இருளாண்டி, பெருமை பொங்க. "சாமியக் கீழ காக்க வச்சுட்டுப் பருப்ப ஏத்துறதா? செருப்பக் கழட்டிட்டு ஏறி, கேபினை ஒட்டி ஜம்முன்னு நிக்க வச்சுட்டுத்தேன் மூட்டையத் தொட்டோம்."

ஆண்டனிக்குத் தலை சுற்றியது. மரியாதை செய்தவனை என்னவென்று திட்டுவது? முழு லாரியையும் இறக்கினால்தான் சூசையப்பர் வெளியே வருவார். இங்கேயே பிரித்தால் பொழுது போய்விடும். கல்லலில் ஊரே கூடியிருக்கும், ஆளுக்கொரு கை கொடுப்பார்கள் என்று வண்டியை விரட்டினான். வழியெல்லாம் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

கொடி ஏறும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால் ஊர் முழுக்கக் கொடிமரத்தைச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தது. ஒரு தலையும் திரும்பவில்லை. லூசியா மட்டும் ஓடி வந்தாள்.

"வந்துட்டீகளே!" முகமெல்லாம் மலர்ச்சி. "எங்க சூசையப்பரு?"

"உள்ள... மூட்டைக்கெல்லாம் அங்குட்டு. மருவாதைன்னு மொதல்ல ஏத்திப்புட்டாங்க. எல்லாத்தையும் எறக்குனாத்தேன்..."

லூசியா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"நானும் அப்புடித்தேன். ஒங்க வண்டியில மொதல்ல ஏறுனவ. பெறகு ஏறுன மூட்டையெல்லாம் எறங்குனாத்தேன் என் மொகம் தெரியும் ஒங்களுக்கு."

கோயில் மணி அடித்தது. கொடி ஏறத் தொடங்கிவிட்டது. ஆண்டனி லாரி மேலேறிக் கயிற்றை அவிழ்த்தான். முதல் மூட்டையைத் தனியாக இழுத்துப் பார்த்தான். அது அசையவில்லை.

லூசியா கொடிமரத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள்.

"அங்குட்டுப் புடிங்க" என்றாள்.