வெட்டாமல் வைத்த நிரை

ஜெனவீவுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி கேண்டீனில் மற்றவர்கள் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது இவள் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசுவாள். அந்த எண்பத்தாறாம் வருஷத்தில் அவள் நடைக்கு நல்ல காரணமும் இருந்தது. ஊடகப் பாடத்தில் ஏற்கனவே ஒரு முறை கோட்டைவிட்டவள். இன்னொரு முறை விட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்.

பாடத்துக்கான வேலை, ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பது. கல்லூரிக்கு இருந்ததோ ஒரே கேமரா. ஆளாளுக்குச் சண்டை போட்டு, கடைசியில் குழுவுக்கு ஒரு சனிக்கிழமை என்று முடிவானது.

பாட்டு கிளாரன்ஸுடையது. மாதா கோவிலில் கிதார் வாசிக்கிற டவுன் பையன். தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்கியதில்லை, ஆனாலும் தோட்டத்துக் காதலை உருகி உருகி எழுதி, தானே பாடி கேசட்டில் பதிந்து வைத்திருந்தான். கேமரா பிடிக்கப் பரஞ்சோதி. செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அதிகம் பேசமாட்டான், கை நடுங்காது. கிளாரன்ஸ் மரத்தடியில் நின்று பாட, பரஞ்சோதியின் அம்மா பிச்சையம்மாள் மரம் வெட்டிவிட்டுத் திரும்பிச் சிரிக்க வேண்டும். பல்லவிக்கு அதுதான் காட்சி.

மரம் வெட்டுவது என்றால் கெடாத் தோட்டங்களில் யாரும் கோடாலியைத் தேடமாட்டார்கள். உளியால் பட்டையைச் சீவிப் பால் இறக்குவதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். ஜெனவீவும் சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தைதான். கேட்டதோடு சரி.

“ஆபீஸுல பெர்மிஷன் நீயே கேளுலா. உன் மலாய்தான் சுத்தமா இருக்கும்” என்றான் பரஞ்சோதி.

சுத்தமான மலாயில்தான் வம்பு வந்தது. கல்லூரித் தொலைபேசியில் தோட்டத்து அலுவலகத்தைப் பிடித்தாள். எடுத்தவர் புதிதாக வந்த மலாய்க்காரக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. மரம் எப்போது வெட்டுவார்கள், அதைப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்பதற்காக, தமிழை அப்படியே மலாயில் திருப்பி, “பில நாக் தெபாங் போக்கோ?” என்றாள். பால் வெட்டுவதற்கு மலாயில் ‘தோரே’ என்று தனி வார்த்தை உண்டு. ‘தெபாங்’ என்றால் மரத்தை அடியோடு சாய்ப்பது.

 கிராணியோ, இவள் மரம் சாய்க்க வரும் கான்ட்ராக்டரின் ஆள் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டு, கடகடவென்று கொட்டிவிட்டார். அடுத்த மாதம் புல்டோசர் வருகிறது. கிழட்டு மரம் அத்தனையும் போய்விடும், எண்ணெய் எடுக்கிற செம்பனை நடப்போகிறார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளையும் காலி செய்யச் சொல்வார்கள். “படம்தானே, தாராளமா எடுங்க, சனிக்கிழமையே வாங்க. லயத்து ஆளுங்ககிட்ட மட்டும் இப்பவே வாயைத் திறந்துடாதீங்க” என்றார்.

ஜெனவீவ் போனை வைத்தாள்.

“என்ன சொன்னாங்க?” என்றான் பரஞ்சோதி.

“சனிக்கிழமை வரச் சொல்லிட்டாங்க.”

அது பொய்யில்லை. அதைத்தான் அவள் அந்த வாரம் முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கிராணி புதுசு, தப்பாகச் சொல்லியிருக்கலாம். எப்படியும் ஆபீஸிலிருந்து அவர்களே சொல்லத்தான் போகிறார்கள். சனிக்கிழமை படம் முடியட்டும், அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் பரஞ்சோதி கேமராவைத் தொடுவானா? சமாதானம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை அவர்கள் போய் இறங்கியபோது பிச்சையம்மாள் கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி பட்டுச் சேலையில் நின்றாள், முகத்தில் அரை டப்பா பவுடர்.

“ஆன்ட்டி, வேலைக்குப் போற துணியில இருக்கணும்.”

“யாரு பாப்பா படத்துல பால் நாத்தத்தோட வருவாங்க?” என்று முறைத்தாள். ஆனாலும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய், நீளக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக வந்தாள். “மத்ததெல்லாம் விடியவே வெட்டிட்டேன். உங்களுக்குன்னு ஒரு நிரை மட்டும் விட்டு வெச்சிருக்கேன். ஒரு தடவ வெட்டின மரத்தை இன்னிக்குத் திரும்ப வெட்ட முடியாது, பார்த்துக்குங்க.”

அதாவது, ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு புது மரம். ஜெனவீவ் நிரையைப் பார்த்தாள். போதும் போலத்தான் தெரிந்தது.

போதவில்லை. முதல் மரத்தில் கிளாரன்ஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்தான். அடுத்ததில் கொசு அவன் வாய்க்குள் போனது. அதற்கடுத்ததில் கேசட் ரேடியோவின் பேட்டரி இறங்கி, அவனுடைய காதல் பாட்டு சளி பிடித்த கிழவன் குரலில் இழுத்தது. இவன் ஒரு பக்கம் வாயசைக்க, பாட்டு இன்னொரு பக்கம் நொண்டியது. பிச்சையம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு அவ்வளவு அழகாக இருந்தது, ஜெனவீவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்போதுதான் கரங்கானிலிருந்து அய்யாவு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பிச்சையம்மாளின் தம்பி, செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் என்கிற கங்காணிக்குக் கீழே வேலை.

“அக்கா, இன்னிக்குப் பதில் சொல்லணும். எங்க மண்டோர் உனக்காக ஒரு வீட்டைப் பிடிச்சு வெச்சிருக்காரு. வேலையும் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா வேற குடும்பத்துக்குக் கொடுத்துடுவாரு.”

“வேணாம்னு சொல்லிடுடா. பொறந்தது, புருஷனைப் பறிகொடுத்தது எல்லாம் இங்கதான். இந்த மரத்தை விட்டுட்டு நான் அங்க வந்து பழம் பொறுக்கணுமா?”

 சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஜெனவீவின் மனசு அடித்துக்கொண்டது. வாயோ, “ஆன்ட்டி, அடுத்த மரத்துக்கு வாங்க. கேமராவைப் பார்த்து சிரிங்க” என்றது.

அய்யாவு வேடிக்கை பார்க்க நின்றார். அதுவரைக்கும் நல்லது, ஆள் இங்கேதானே இருக்கிறார் என்று ஜெனவீவ் ஆறுதல்பட்டாள். கிளாரன்ஸ் ஓடிப்போய் லயத்துக் கடையில் புது பேட்டரி வாங்கி வந்தான். பாட்டு நிமிர்ந்தது, வாயும் பொருந்தியது. ஆனால் பிச்சையம்மாள் திரும்பும்போது தலைத்துண்டு முகத்தை மறைத்துவிட்டது. இன்னொரு மரம். அப்புறம் இன்னொன்று. மரங்களில் கட்டியிருந்த மங்குகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வெட்டாத மரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

“சரிக்கா, நான் கெளம்புறேன். வேணாம்னே சொல்லிடுறேன்” என்று அய்யாவு வண்டியை நோக்கி நடந்தார்.

“ரெடியா?” என்றான் பரஞ்சோதி, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல்.

ஜெனவீவ் தலையசைத்தாள். பாட்டு ஓடியது. உளி பட்டையில் வழுக்கிக்கொண்டு போனது, வெள்ளைக் கோடாகப் பால் இறங்கியது. கிளாரன்ஸ் ஒரு சொல் பிசகாமல் பாடினான். பிச்சையம்மாள் மெதுவாகத் திரும்பி, பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். இதற்காகத்தான் அத்தனை பாடுபட்டார்கள். பின்னால் அய்யாவு வண்டியை உதைத்தார், பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார். பிடித்துக்கொண்டது.

“அண்ணே! போவாதீங்க!” என்று ஜெனவீவ் கத்தினாள். கத்திக்கொண்டே கேமராவுக்குக் குறுக்கே ஓடினாள்.

வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். தெபாங், புல்டோசர், செம்பனை, லயம், ஒன்று விடாமல். மூச்சு வாங்கியது. கிளாரன்ஸ் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினான்.

அய்யாவு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நெசமாவா?”

“நெசம்தாண்ணே. கிராணியே சொன்னாரு.”

அவர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. “அக்கா, வர்றேன்னு சொல்லிடுறேன்” என்று மட்டும் கத்திவிட்டு, செம்மண் பறக்கப் போனார். வீடு கைவிட்டுப் போகாமல் தப்பியது. ஜெனவீவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது. நல்லது செய்துவிட்டோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள்.

பிச்சையம்மாள் உளியைப் பிடித்தபடியே நின்றாள். “லயத்துல மத்தவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது, ஆன்ட்டி.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழமை.”

“காலையில வந்தவுடனே சொல்லியிருக்கலாமே பாப்பா.”

யோசித்துப் பேசியிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். வாயில் வந்ததோ உண்மை. “சொல்லியிருந்தா நீங்க சிரிச்சிருக்க மாட்டீங்க.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. பிச்சையம்மாள் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தலைத்துண்டை அவிழ்த்து முகத்திலிருந்த பவுடரை அழுத்தித் துடைத்துவிட்டு, மற்றவர்களுக்குச் சொல்ல லயத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். வெட்டிய நிரையில் பால் எடுக்க ஆளில்லாமல் நிறைந்துகொண்டிருந்தது.

பரஞ்சோதி கேமராவைத் தோளிலிருந்து இறக்கிப் புல்லில் வைத்தான். பித்தானை அழுத்தி மூடியைத் திறந்து, டேப்பை வெளியே எடுத்தான்.

“ஜோதி, திங்கக்கிழமை அதைக் கொடுக்கணும்டா. இல்லேன்னா என்னைக் காலேஜை விட்டே அனுப்பிடுவாங்க” என்றாள் ஜெனவீவ்.

“தெரியும்.” அவன் டேப்பைத் தன் பையில் போட்டு வாரை இறுக்கினான். “எங்கம்மா சிரிச்சது எங்க வீட்டுலயே இருக்கட்டும்.”

கேமராவைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, அம்மா போன வழியே போனான்.